சஸ்பென்ஷனை மாற்றாமல் பெரிய டயர்: எவ்வளவு பெரிது வரை போகலாம்?

மாருதி ஜிம்னியையோ மஹிந்திரா தாரையோ வாங்கியவர்களில் பலர் முதலில் மாற்ற நினைப்பது டயரைத்தான். அந்த ஆசையில் தவறில்லை. கரடுமுரடான பாதையில் ஒரு வண்டியின் திறனைக் கூட்டும் மாற்றங்களில் டயருக்கு நிகரானது வேறில்லை என்பதே என் கருத்து. ஆனால் "எத்தனை அங்குலம் போடலாம்?" என்று கேட்பவருக்கு டயர் கடையில் கிடைக்கும் பதில், வண்டி சமதரையில் அசையாமல் நிற்கும்போது உண்மையாக இருக்கும் பதில். கல்லின் மேல் ஒரு சக்கரம் ஏறி, ஸ்டியரிங் முழுவதும் திரும்பி, ஸ்பிரிங் கடைசிவரை அமுங்கி நிற்கும் நொடியில்தான் அந்த டயர் பொருந்துகிறதா இல்லையா என்பது தெரியும். சஸ்பென்ஷனை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த அமைப்பை, மாற்றாத வண்டியில் வரும் அந்த நொடியைப் பற்றியது இந்தக் கட்டுரை.

எடுத்துக்காட்டுக்கு 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு மாருதி சுசுகி ஜிம்னியை வைத்துக்கொள்வோம். ஏணி வடிவ இரும்புச் சட்டகம், முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் திட ஆக்சில், சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங் என்று அதன் அமைப்பு எளிமையானது. எது எதில் இடிக்கும் என்பதைக் கண்ணாலேயே பார்த்துப் புரிந்துகொள்ளலாம். வேறுபடும் இடங்களில் தாரையும் தொட்டுச் செல்கிறேன்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் கணக்கு

ஜிம்னி தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் டயரில் 195/80 ஆர்15 என்று இருக்கும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம்; ஆனால் அது மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் 80 சதவீதம் என்று பொருள். 195-இல் 80 சதவீதம் 156 மி.மீ. கடைசியில் வரும் 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 15 அங்குலம் என்பது 381 மி.மீ. ரிம்முக்கு மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒரு பக்கச்சுவர். ஆக மொத்த விட்டம் 381 + 156 + 156 = 693 மி.மீ.

இந்தக் கூட்டலை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிட்டால் கடைக்காரர் சொல்லும் எந்த அளவையும் நீங்களே ஒப்பிடலாம். ஜிம்னிக்காரர்கள் அதிகம் பேசும் இரண்டு அளவுகள் 215/75 ஆர்15, 235/75 ஆர்15. முதலாவதின் விட்டம் 703.5 மி.மீ. இரண்டாவதின் விட்டம் 733.5 மி.மீ. பழைய டயரை விட முதலாவது 10 மி.மீ. பெரியது, இரண்டாவது 40 மி.மீ. பெரியது.

தாரில் இரண்டு அளவுகள் தொழிற்சாலையிலிருந்தே வந்தன: 245/75 ஆர்16, 255/65 ஆர்18. ரிம்மைப் பார்த்தால் இரண்டாவது மிகப் பெரிது போலத் தோன்றும். கணக்குப் போட்டால் முதலாவது 774 மி.மீ., இரண்டாவது 789 மி.மீ. வித்தியாசம் 15 மி.மீ.தான். ரிம் பெரிதானதால் டயர் பெரிதாகிவிடாது. ரிம் வளர்ந்ததில் பெரும்பகுதிக்குப் பக்கச்சுவர் குறைந்திருக்கும். ஆஃப்ரோடுக்கு, அதாவது சாலையில்லாத கரடுமுரடான பாதைக்கு, வேண்டியது உயரமான பக்கச்சுவர்தான். கல் வந்து இடிக்கும்போது மடங்கிக் கொடுப்பது அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டயரில் அச்சிட்டிருக்கும் அளவு ஒன்றாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் உண்மை அளவு சில மில்லிமீட்டர் மாறும். சாலைக்கென்று செய்த எச்டி டயரை விட, மண்ணுக்கும் சாலைக்கும் பொதுவான ஏடி டயரின் தோள்பட்டையில் கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். சேற்றுக்கான எம்டி டயரில் இன்னும் அதிகம். நண்பரின் வண்டியில் இடிக்காத அளவு உங்கள் வண்டியில் இடித்தால் காரணம் பெரும்பாலும் இந்தக் கட்டைகள்தான்.

டயர் மட்டுமே செய்யக்கூடிய வேலை

ஜிம்னியின் அடியில் குனிந்து பாருங்கள். ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை ஓடும் ஆக்சில் குழாயில் ஓரிடம் உருண்டையாகப் புடைத்திருக்கும். எஞ்சினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் அதன் உள்ளே இருக்கிறது. பாதை நடுவே துருத்தி நிற்கும் கல் முதலில் தட்டுவது அந்த உருண்டையைத்தான். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 2 அங்குலம் தூக்கினால் உடல் உயரும், சட்டகம் உயரும். அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். ஏனென்றால் திட ஆக்சில் ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து நிற்கிறது. அதைத் தரையிலிருந்து தூக்கக்கூடியது டயர் ஒன்றுதான்.

எவ்வளவு தூக்கும்? விட்டம் கூடியதில் பாதி. 235/75 ஆர்15 போட்டால் 40 மி.மீ. கூடுகிறது, ஆக்சில் உயர்வது 20 மி.மீ. மாருதி சொல்லும் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி, 230 ஆகிறது. 215/75 போட்டால் வெறும் 5 மி.மீ. இந்த 5 மி.மீட்டருக்காகவா செலவு என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அந்த டயரின் லாபம் உயரத்தில் இல்லை. ஏடி டயரின் வலுவான பக்கச்சுவரிலும், ஆழமான பள்ளங்கள் கொண்ட பிடிப்பிலும் இருக்கிறது.

தாரில் பின்பக்கம் மட்டும்தான் திட ஆக்சில். முன்பக்கம் தனித்தனிச் சக்கர அமைப்பு. டிஃபரன்ஷியல் சட்டகத்தோடு சேர்ந்து மேலே நிற்கிறது. அங்கே ஸ்பிரிங்கைத் தூக்கினால் முன் டிஃபரன்ஷியலும் உயரும், பின்னால் இருப்பது உயராது. ஆகவே தார்க்காரருக்கும் பின் ஆக்சிலுக்கு டயர்தான் வழி.

எங்கே இடிக்கும்

இனி வருவதுதான் முக்கியமான பகுதி. பொறுமையாகப் படியுங்கள், முடிந்தால் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

வண்டி சும்மா நிற்கும்போது டயரின் தலைக்கும் மட்கார்டின் உள்விளிம்புக்கும் இடையே ஒரு கை தாராளமாக நுழையும். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் "இன்னும் பெரிதாகப் போடலாம்" என்று நினைக்கிறோம். அந்த இடம் காலி இடம் அல்ல. ஸ்பிரிங் அமுங்கும்போது சக்கரம் மேலே ஏறி வருவதற்காக வடிவமைப்பாளர் ஒதுக்கிய இடம் அது. சக்கரம் எதுவரை ஏறும் என்பதைத் தடுத்து நிறுத்துவது பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை. பழைய டயரோடு அந்தக் கட்டை முழுவதும் அமுங்கினாலும் டயர் எதிலும் படாது. பெரிய டயர் போட்டால் கட்டை அமுங்கி முடிவதற்குள் டயர் மேலே தட்டக்கூடும்.

முன் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கேதான் ஸ்டியரிங்கும் சேர்ந்துகொள்கிறது. வலது முன் சக்கரத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். ஸ்டியரிங்கை வலது பக்கம் கடைசிவரை திருப்பச் சொல்லுங்கள். டயரின் முன்விளிம்பு வெளியே வந்து பம்பரின் கீழ் மூலையை நெருங்கும். அதே நேரம் அதன் பின்விளிம்பு உள்ளே போகும். உள்ளே என்ன இருக்கிறது? ஆக்சிலைச் சட்டகத்தோடு இணைக்கும் நீண்ட இரும்புக் கை, அதாவது ரேடியஸ் ஆர்ம். ஜிம்னியில் பழைய ரிம்மிலேயே அகலமான டயரைப் போட்டால் முதலில் உரசும் இடங்களில் ஒன்று இந்தக் கைதான். அது அமுங்காது, விலகாது. டயரின் பக்கச்சுவரைத்தான் தேய்க்கும்.

இப்போது இடது பக்கம் கடைசிவரை திருப்பச் சொல்லுங்கள். அதே வலது டயரின் முன்விளிம்பு உள்ளே போகிறது, பின்விளிம்பு வெளியே வருகிறது. வெளியே வந்து எதை நெருங்குகிறது? மட்கார்டின் பின்பகுதியையும், அங்கே இருக்கும் பிளாஸ்டிக் லைனரையும், சேறு தெறிக்காமல் தொங்கும் ரப்பர் மடலையும். லைனரும் மடலும் வளைந்து கொடுக்கும், சிறிது வெட்டவும் செய்யலாம். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டின் மடிப்புதான் ஆபத்து. கூர்மையான அந்த விளிம்பு பக்கச்சுவரைக் கிழித்துவிடும்.

இதன் மேல் இன்னொரு அசைவும் சேர்கிறது. ஒரு சக்கரம் கல்லில் ஏறி, எதிர்ச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது திட ஆக்சில் சாய்கிறது. ஏறிய பக்கத்து டயரின் தலை வண்டியின் உட்பக்கமாகச் சாயும். நேராக மேலே ஏறும்போது படாத இடத்தில் இப்படிச் சாயும்போது படும். பின்சக்கரத்தில் ஸ்டியரிங் இல்லை என்பதால் அங்கே பிரச்சினையே வராது என்று நினைக்க வேண்டாம். இந்தச் சாய்வு அங்கேயும் உண்டு.

பிரேக் குழாயையும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் கம்பியையும் மறந்துவிடாதீர்கள். இரண்டும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வளைந்து செல்கின்றன. லைனரில் உரசினால் சத்தம் வரும், தெரிந்துவிடும். பிரேக் குழாயில் உரசினால் சத்தம் வராது. அது தேய்ந்து முடிந்த பிறகுதான் தெரியும். எந்த டயர் போட்டாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இரண்டையும்தான்.

அகலமா, உயரமா

மேலே சொன்னதைக் கவனித்திருந்தால் ஒன்று புரிந்திருக்கும். உயரம் கூடினால் மேலே இடிக்கிறது. அகலம் கூடினால் உள்ளேயும் வெளியேயும், ஸ்டியரிங்கின் இரண்டு கோடிகளிலும் இடிக்கிறது. சஸ்பென்ஷனை மாற்றாதவருக்கு அகலம்தான் பெரிய எதிரி. அதே விட்டத்தில் ஒல்லியான டயர் கிடைத்தால் அதையே எடுங்கள் என்பேன்.

ஒல்லியான டயர் என்றாலே பலருக்கு முகம் சுளிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் டயர் அளவு 6.00-16. அகலம் ஏறத்தாழ 6 அங்குலம், உயரம் சுமார் 28 அங்குலம். அந்த ஜீப் போகாத சேறு இல்லை. ஆழமில்லாத சேற்றில் ஒல்லியான டயர் மேலே உள்ள வழுக்கலை வெட்டிக்கொண்டு கீழே உள்ள கெட்டித் தரையைத் தொடும். கல்பாதையில் இரு கற்களுக்கு இடையே நுழைந்து போகும். ஆழமான மணலில் மட்டும் அகலத்துக்கு மதிப்பு உண்டு. அங்கேயும் காற்றைக் குறைப்பதன் மூலம் பெரும்பகுதியைச் சரிக்கட்டலாம். ஜிம்னியின் 195/80 டயரும் இந்த ஒல்லியான மரபில் வந்ததுதான். அதைச் சிறியது என்று ஒதுக்குபவர்கள் ஒரு நல்ல மழைநாளில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ரிம்மும் இதில் வந்து சேர்கிறது. ஜிம்னியின் ரிம் 5.5 அங்குல அகலம். 215/75 ஆர்15 டயர் அதில் உட்காரும். 235/75 ஆர்15 டயருக்கு டயர் நிறுவனங்களின் அட்டவணை கேட்பது குறைந்தது 6 அங்குல ரிம். குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் ஓரங்கள் உட்பக்கம் குவிந்து, நடுப்பகுதி உப்பி, வளைவில் ஆடும். காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்று வரும் அபாயமும் கூடும். ஆகவே 235 என்பது டயர் செலவு மட்டும் அல்ல; ஐந்து ரிம்களின் செலவும் சேர்ந்தது.

புது ரிம் வாங்கும்போது ஆஃப்செட் என்ற எண்ணைப் பாருங்கள். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியோடு போல்ட் செய்யப்படும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். எண் குறையக் குறைய, அல்லது மைனஸ் ஆக ஆக, சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். வெளியே தள்ளினால் உள்ளே இருக்கும் ரேடியஸ் ஆர்மிலிருந்து விலகும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வெளியே நிற்கும் சக்கரம் திரும்பும்போது பெரிய வட்டம் போடும். பம்பர் மூலையையும் மட்கார்டின் பின்விளிம்பையும் இன்னும் வேகமாக நெருங்கும். ஓரிடத்தில் விட்ட இடைவெளியை இன்னோரிடத்தில் இழக்கிறோம். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே வந்துவிட்டால் கல்லும் சேறும் கதவிலும் பின்னால் வருபவர் மீதும் தெறிக்கும். வீல் பேரிங்கின் சுமையும் கூடும். சில மில்லிமீட்டர் தள்ளுவது சிகிச்சை. 30, 40 மி.மீ. தள்ளுவது புது நோய்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

நான்கு டயரையும் வாங்கிவிட்டுப் பார்ப்பதற்குப் பதிலாக, ஒரே ஒரு டயரை மாட்டிப் பார்க்கச் சம்மதிக்கும் கடையைத் தேடுங்கள். அல்லது அதே அளவு டயர் போட்ட அதே வண்டிக்காரரிடம் ஒரு சக்கரத்தை அரை மணி நேரம் இரவல் கேளுங்கள்.

பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண் ஒரு பொட்டலம் போதும். லைனரின் மேற்பகுதி, மட்கார்டின் பின்விளிம்பு, பம்பரின் உள்மூலை, ரேடியஸ் ஆர்மின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் எலுமிச்சை அளவு உருண்டைகளாக ஒட்டுங்கள். டயரின் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தடவினால் களிமண் டயரோடு ஒட்டிக்கொண்டு வராது. பிறகு ஒரு முன்சக்கரத்தை மேட்டிலும், குறுக்கே எதிர்ப்பக்கப் பின்சக்கரத்தை இன்னொரு மேட்டிலும் மெதுவாக ஏற்றுங்கள். பம்ப் ஸ்டாப் ரப்பர் ஆக்சிலைத் தொட்டு அமுங்க வேண்டும். அதுவரை ஏறாவிட்டால் சோதனை முடியவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்புங்கள். ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும்; வண்டி அசையும்போது யாரும் சக்கரத்துக்கு அருகே கையை நீட்டக் கூடாது.

வண்டியை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு களிமண்ணைப் பாருங்கள். எங்கே நசுங்கியிருக்கிறதோ அங்கே ஒரு தீக்குச்சியைக் குத்தி, மீதமிருக்கும் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 10, 15 மி.மீ. மீதமிருந்தால் நிம்மதியாக வாங்கலாம். 5 மி.மீ.தான் என்றால், டயரில் சேறு அப்பிக்கொண்டதும் அந்த இடைவெளி போய்விடும். களிமண் காகிதம் போல் மெலிந்திருந்தால் பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

கடைசியாக ஒன்று: ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பியபடியே பின்னோக்கி எடுத்து, மெதுவாக பிரேக் போட்டுப் பாருங்கள். இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் நசுங்குவதால் ஆக்சில் சில மில்லிமீட்டர் முன்பின்னாக நகரும். முன்னோக்கிப் போகும்போது உரசாமல், ரிவர்ஸில் மட்டும் உரசும் வண்டிகள் உண்டு.

லேசாக உரசினால் செய்யக்கூடியவை சில. லைனரைச் சூடாக்கி உள்ளே தள்ளலாம், ஓரத்தைச் சற்று வெட்டலாம், சேற்று மடலைக் கழற்றலாம். பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் சிறு கட்டை வைத்து உயர்த்தலாம். டயர் மேலே இடிப்பது நிற்கும், ஆனால் சக்கரம் ஏறும் தூரம் குறைவதால் பயணம் கொஞ்சம் கடினமாகும். ஸ்டியரிங்கின் கடைசித் திருப்பத்தைத் தடுக்கும் போல்ட்டைச் சற்று வெளியே நீளும்படி திருகி, திரும்பும் கோணத்தைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். மலைப்பாதை ஓட்டுபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி திரும்பும் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டு அங்கே போவது வேண்டாத வேலை.

பொருந்திய பிறகு வரும் செலவுகள்

டயர் எதிலும் உரசவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வண்டியின் மற்ற உறுப்புகள் அந்த டயரைச் சுமந்தாக வேண்டும்.

235/75 போட்ட ஜிம்னியின் சக்கரம் பழையதை விட 5.8 சதவீதம் பெரியது. ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது. எல்லா கியர்களும் அந்த அளவுக்கு நீண்டுவிட்டது போன்ற விளைவு இது. எஞ்சின் தரும் இழுவை தரைக்கு வந்து சேரும்போது சுமார் 5.5 சதவீதம் குறைகிறது. ஜிம்னியின் 1.5 லிட்டர் எஞ்சின் தருவதே 134 நியூட்டன் மீட்டர். இரண்டாவது கியரில் ஏறிய ஏற்றத்துக்கு முதல் கியர் தேவைப்படும். ஐந்தாவது கியர் நெடுஞ்சாலையின் சமதரையில் மட்டும் பயன்படும். தாரின் டர்போ எஞ்சின்களில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

வேகமானியும் இதே அளவுக்கு மாறும். கருவி துல்லியமானது என்று வைத்துக்கொண்டால், முள் 80-ஐக் காட்டும்போது வண்டி ஏறத்தாழ 85-இல் போய்க்கொண்டிருக்கும். தொழிற்சாலைக் கருவிகள் வழக்கமாக உண்மை வேகத்தை விடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்படி அமைக்கப்படுகின்றன. பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிடுகிறது. ஓடிய தூரமும் குறைவாகப் பதிவாகும். 10,000 கி.மீ. ஓடினால் மீட்டரில் சுமார் 9,450 இருக்கும். ஆயில் மாற்றும் கணக்கில் இதை மனத்தில் வையுங்கள். 215/75-இல் வித்தியாசம் 1.5 சதவீதம்தான், கவலைப்பட ஒன்றுமில்லை.

எடை இன்னும் பெரிய விஷயம். வலுவான ஏடி டயர் ஒவ்வொன்றும் பழையதை விடச் சில கிலோ கூடுதலாக இருக்கும். இந்த எடை வண்டியின் மேல் வைத்த மூட்டையைப் போன்றதல்ல. அது சுழலும் எடை, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. எஞ்சின் அதைச் சுழற்ற வேண்டும், பிரேக் அதை நிறுத்த வேண்டும், ஷாக் அப்சார்பர் ஒவ்வொரு குழியிலும் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். விட்டமும் கூடியதால் பிரேக்குக்கு எதிரான நெம்பு நீளமும் கூடுகிறது. நிறுத்தும் தூரம் நீளும் என்பதை ஓட்டுபவர் உடம்பால் பழகிக்கொள்ளும் வரை முன்னால் போகும் வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விட வேண்டும்.

ஜிம்னி போன்ற முன் திட ஆக்சில் வண்டிகளில் இன்னொரு தொல்லை வரும். மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தில் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் இடமும் வலமுமாக வேகமாக உதறத் தொடங்கும். வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். டயரின் சமநிலை சரியில்லாமை, தேய்ந்த புஷ்கள், சக்கரம் திரும்பும் அச்சில் இருக்கும் கிங்பின் பேரிங்கின் தளர்வு எனக் காரணங்கள் பல. கனமான டயர் இவற்றைப் புதிதாக உருவாக்குவதில்லை. மறைந்திருந்ததை வெளியே கொண்டுவருகிறது. உதறலை அடக்கும் ஸ்டியரிங் டேம்பரை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பும் மெக்கானிக் நோயை மூடி மறைக்கிறார். முதலில் பேலன்ஸிங், பிறகு புஷ், பிறகு பேரிங் என்று வரிசையாகப் பார்ப்பவரிடம் போங்கள்.

பெரிய டயரோடு எவையெல்லாம் மாற வேண்டும் என்பதற்கு நல்ல சாட்சி, வண்டி செய்பவர்களே. அமெரிக்காவின் ஜீப் நிறுவனம் ராங்ளர் ரூபிகானை 33 அங்குல டயரோடு விற்றுவந்தது. 2021-இல் 35 அங்குல டயரோடு எக்ஸ்ட்ரீம் ரீகான் என்ற தொகுப்பைக் கொண்டுவந்தபோது டயரை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தவில்லை. ஆக்சில் கியரை 4.56 விகிதத்துக்குக் குறுக்கியது. சஸ்பென்ஷனை ஒன்றரை அங்குலம் உயர்த்தியது. பின்கதவின் கீலை வலுப்படுத்தியது. 2 அங்குல டயர் வித்தியாசத்துக்கு, சொந்த வண்டியை முழுவதும் அறிந்த பொறியாளர்கள் செய்தது இவ்வளவு.

பின்கதவின் கீல் அந்தப் பட்டியலில் ஏன் வந்தது? ஸ்டெப்னி அதில்தான் தொங்குகிறது. ஜிம்னியிலும் தாரிலும் அப்படித்தான். கனமான ஐந்தாவது சக்கரம் ஒவ்வொரு குலுங்கலிலும் அந்தக் கீலை இழுக்கும். "ஸ்டெப்னி பழையதாகவே இருக்கட்டும்" என்று விடவும் முடியாது. பாதி வழியில் பஞ்சராகி, மூன்று பெரிய சக்கரமும் ஒரு சிறிய சக்கரமுமாக நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழலப் பார்க்கும். இவ்வகை வண்டிகளில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் இறுகப் பூட்டிக்கொள்கின்றன. நடுவே விட்டுக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் டயர் வழுக்கி அந்த இறுக்கத்தை விடுவித்துவிடும். கெட்டித் தரையில் விடுவிக்க வழியில்லை. முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் உறுப்புகள்தான் அந்த முறுக்கைத் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே பெரிய டயர் என்றால் ஐந்து டயர்.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்க, மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயர் போதும். உற்பத்தியாளரின் கையேட்டில் உங்கள் வண்டியின் ஏதேனும் ஒரு வகைக்குச் சொல்லப்பட்டிருக்கும் அளவு எப்போதும் பாதுகாப்பானது. அதைத் தாண்டும்போது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. டயரின் சுமைக் குறியீடு எந்தக் காரணத்துக்காகவும் பழையதை விடக் குறையக் கூடாது. ஜிம்னியின் பழைய டயரில் 96 என்று இருக்கும். ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று பொருள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

சஸ்பென்ஷனைத் தொடாத ஜிம்னிக்கு என் தேர்வு 215/75 ஆர்15 ஏடி, பழைய ரிம்மிலேயே. பெரும்பாலும் எதிலும் உரசாது, கியர் கெடாது, கீல் நோகாது. 235 வேண்டும் என்பவர் முதலில் களிமண் சோதனையைச் செய்யட்டும். ரிம், லைனர் வேலை, ஐந்தாவது சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்துச் செலவைப் பார்க்கட்டும். அதற்கு மேல் போக விரும்பினால் அது சஸ்பென்ஷனை மாற்றாமல் செய்யும் வேலை அல்ல.

எதையும் வாங்குவதற்கு முன் இருக்கும் டயரிலேயே காற்றைக் குறைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கல்பாதையில் 18 பிஎஸ்ஐ, மணலில் 15 வரை இறக்கலாம். தரையைத் தொடும் பகுதி நீளவாக்கில் விரிந்து, வழுக்கிக்கொண்டிருந்த டயர் கல்லைக் கவ்விப் பிடிக்கும். வேகம் குறைவாக இருக்க வேண்டும், திருப்பங்களில் திடீரென்று வெட்டக் கூடாது, தார்ச்சாலை ஏறுவதற்கு முன் மீண்டும் காற்று நிரப்பியாக வேண்டும். ஒரு நல்ல சிறிய கம்ப்ரசரும் ஒரு பிரஷர் கேஜும் ஒரே ஒரு புது டயரை விட மலிவு. பலருடைய தேவை இதிலேயே தீர்ந்துவிடும்.

அப்படியும் புது டயர் போட்டீர்கள் என்றால், மாட்டிய அன்றே வீல் அலைன்மென்ட் பாருங்கள். முதல் 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் சொன்ன அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். முதல் மழைப் பயணம் முடிந்து வண்டியைக் கழுவும்போது நான்கு லைனர்களின் உட்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சேறு வழித்தெடுக்கப்பட்டு ஓரிடம் மட்டும் பளபளவென்று இருந்தால், டயர் அங்கே பட்டிருக்கிறது. அங்கிருந்து பிரேக் குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துவிட்டுத்தான் அடுத்த பயணத்துக்குக் கிளம்ப வேண்டும்.